பட்டாம்பூச்சி அனுப்புங்கள், பெயர் போடுகிறேன்!

லண்டனில் ஆல்டர்ஸ்கேட் தெரு. வெள்ளைச் சிலுவை அடையாளப் பலகை தொங்கும் ஒரு மருந்துக்கடை. முதலாளி பெயர் ஜேம்ஸ் பெட்டிவர். காலம் 1690-கள். வாடிக்கையாளருக்குப் பேதி மருந்தை மடித்துக் கொடுத்துக்கொண்டே இந்த மனிதர் உலகத்தையே தன் கடைக்கு வரவழைத்துக்கொண்டிருந்தார். மணிலாவிலிருந்து செடி, ஆப்பிரிக்கக் கரையிலிருந்து வண்டு, அமெரிக்காவிலிருந்து சிப்பி, நம்ம சென்னையிலிருந்து வேரும் இலையும். இதற்காக அவர் எந்தெந்த நாட்டுக்குப் போனார் என்றுதானே கேட்கிறீர்கள்? எந்த நாட்டுக்கும் போகவில்லை; எல்லாம் கடிதம் எழுதி வரவழைத்ததுதான். அவர் கடல் தாண்டியதே 1711-இல் ஹாலந்துக்குத்தான். அதுவும், இலங்கையில் டச்சுக்காரர்களுக்கு மருத்துவராக இருந்து மறைந்த பால் ஹெர்மனின் சேகரிப்பு ஏலத்துக்கு வந்தபோது, ஹான்ஸ் ஸ்லோன் என்ற பணக்கார டாக்டருக்காக ஏலம் கேட்கப் போனார்.

அந்தக் காலத்து அறிஞர்கள் தங்களுக்குள் நடத்திய இந்தக் கடிதப் போக்குவரத்துக்கு அவர்களே 'கடிதக் குடியரசு' என்று கம்பீரமாகப் பெயர் வைத்திருந்தார்கள். அந்தப் பெயரைக் கேட்டால், இறகுப் பேனாவும் கையுமாக எல்லோரும் இரவு பகலாக உண்மையைத் தேடினார்கள் என்று தோன்றும். தேடினார்கள், இல்லையென்று சொல்லவில்லை. கூடவே அச்சான புத்தகத்தில் தங்கள் பெயர் வந்திருக்கிறதா என்றும் தேடினார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், இரண்டாவது தேடலில்தான் வேகம் அதிகம்.

இந்த ரகசியத்தை முழுசாகப் புரிந்துகொண்டவர் பெட்டிவர். கப்பல் டாக்டர்கள், கேப்டன்கள், பாதிரியார்கள், தூர தேசத்துக்கு வேலைக்குப் போகும் பையன்கள் என்று யார் கண்ணில் பட்டாலும் விடமாட்டார். கையில் ஓர் அச்சடித்த குறிப்புத்தாளைத் திணித்துவிடுவார். பட்டாம்பூச்சியைக் காகிதத்துக்குள் எப்படி வைப்பது, செடியை எப்படி அழுத்திக் காயவைப்பது, பாம்பையும் மீனையும் எந்தச் சாராயத்தில் ஊறப்போடுவது, சாராயம் கிடைக்காவிட்டால் உப்புத் தண்ணீரில் எப்படிச் சமாளிப்பது, எல்லாம் அதில் இருக்கும். சாராயம் கிடைக்காத கப்பல் எது என்று எனக்கும் புரியவில்லை. கிடைத்த சாராயம் பாம்பு வரும்வரை மிஞ்சாது என்று அனுபவஸ்தருக்குத் தெரிந்திருக்கலாம்.

சரி, இத்தனை பேர் வெயிலில் அலைந்து பூச்சி பிடித்துக் கொடுத்தால் என்ன கிடைக்கும்? மருந்து அனுப்புவார், புத்தகம் அனுப்புவார். முக்கியமாக, பெயர் போடுவார். 1695 முதல் அவர் வெளியிட்ட தன் அருங்காட்சியகப் பட்டியலில் பொருளோடு கொடுத்த நண்பரின் பெயரும் வரும். இன்றைய பாஷையில் 'டேக்' செய்வது. யோசித்துப் பாருங்கள். நாறிப்போன கப்பலில் மாலுமிகளுக்குக் கட்டி அறுத்துக்கொண்டிருக்கும் ஒரு சின்ன சர்ஜன். அவனுக்கு, லண்டனின் அறிவியல் சங்கமான ராயல் சொசைட்டியின் உறுப்பினர் பெட்டிவர் அச்சில் நன்றி சொல்கிறார்! அடுத்த துறைமுகத்தில் அவன் இறங்கியதும் முதலில் தேடியது வண்டாகத்தான் இருக்கும்.

அந்தக் கப்பல்களில் பல அடிமைகளை ஏற்றிச் சென்றவை. மேலே பூச்சி சேகரித்தார்கள், கீழே மனிதர்களைச் சங்கிலியில் வைத்திருந்தார்கள். இந்த இடத்தில் எனக்கு ஜோக் வரவில்லை. மேலே போகிறேன்.

நம்ம ஊருக்கு வருவோம். செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் சர்ஜன் சாமுவேல் பிரவுன். கோட்டையைச் சுற்றியுள்ள காட்டையும் மேட்டையும் சல்லடை போட்டுச் சலித்து, செடிகளைக் காயவைத்து, தமிழ்ப் பெயர்களோடு கட்டுக்கட்டாக லண்டனுக்கு அனுப்பினார். தமிழை அவர்கள் 'மலபார்' என்று சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. வெறும் பெயர் மட்டுமல்ல, எது எந்த நோய்க்கு ஆகும் என்ற குறிப்பும் உண்டு. இதெல்லாம் பிரவுனுக்குக் கனவில் வந்த சேதியா என்ன? இந்த ஊர்க்காரர்கள் சொன்னது. செடிக்குப் பெயர் வந்தது, அனுப்பிய துரைக்குப் பெயர் வந்தது, அச்சில் போட்ட பெட்டிவருக்கும் பெயர் வந்தது. இலையைக் கிள்ளி முகர்ந்து காட்டி "இது வயிற்று வலிக்கு, துரை" என்று சொன்னவருக்கு மட்டும் 'டேக்' கிடையாது.

இந்தப் பிரவுன் டாக்டரை நீங்கள் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். 1693 ஆகஸ்ட். கோட்டையின் கவுன்சில் உறுப்பினர் ஜேம்ஸ் வீலருக்கு உடம்பு சரியில்லை. பெரிய இடத்து நோயாளி ஆயிற்றே, சாதாரணக் கஷாயம் கொடுத்தால் கௌரவம் என்ன ஆவது? முத்தைப் பொடித்த மருந்து கொடுத்தார் டாக்டர். முத்தைப் பொடித்தது அவருடைய வேலையாள். பொடித்த கல்வத்தில் அதற்கு முன்னால் அரைபட்டிருந்தது பாஷாணம். அதாவது ஆர்சனிக். கல்வத்தைக் கழுவ யாருக்கும் தோன்றவில்லை.

வீலர் செத்துப்போனார். பிரவுன் என்ன செய்தார் தெரியுமா? கடிதம் எழுதினார்! கவர்னர் ஹிக்கின்சனுக்கு, தான் துரதிர்ஷ்டவசமாக வீலரைக் கொலை செய்துவிட்டதாக, கொலை என்ற சொல்லையே போட்டு, தன் கைப்பட எழுதிக் கொடுத்துவிட்டார். பக்கத்தில் ஒரு வக்கீல் இருந்திருந்தால் தலையில் அடித்துக்கொண்டு அழுதிருப்பார். ஆனால் மனுஷனின் நேர்மையைப் பாருங்கள். இன்றைக்கு ஒரு ரசீதில் தப்பு வந்தாலே "சிஸ்டம் எரர்" என்கிறார்கள்.

இப்போது பிரேதத்தைப் பரிசோதிக்க ஒரு டாக்டர் வேண்டும். கோட்டையில் இருந்த இன்னொரு சர்ஜன் எட்வர்ட் பல்க்லி. அவர் வீலரின் உடலை அறுத்துப் பார்த்து அறிக்கை கொடுத்தார். இந்தியாவில் பதிவான முதல் சட்டப் பிரேதப் பரிசோதனை இதுதான் என்று மருத்துவ வரலாற்றில் சொல்கிறார்கள். வழக்கு நடந்தது, பிரவுன் தப்பினார். நமக்கு முக்கியமான விஷயம் வேறு. அறுத்த பல்க்லியும் பெட்டிவருக்குக் கடிதத் தோழர்தான்! ஒரு டாக்டர் கைபிசகிக் கொல்கிறார், இன்னொரு டாக்டர் சான்று கொடுக்கிறார், இரண்டு பேருமே லண்டனுக்கு இலை அனுப்புகிறார்கள். சின்ன ஊர், என்ன செய்வது.

பிரவுன் மறுபடியும் செடி பறிக்கக் கிளம்பிவிட்டார். எந்த இலை எந்த வியாதியைத் தீர்க்கும் என்று அவர் எழுதி அனுப்பியதை லண்டன் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாங்கியது. கம்பெனி அந்தச் சேகரிப்பை ராயல் சொசைட்டிக்குப் பரிசாகக் கொடுக்க, பெட்டிவர் தன் குறிப்புகளைச் சேர்த்து, அவர்களுடைய பத்திரிகையில் 'புத்தகம்' 'புத்தகமாக'த் தொடர் வெளியிட்டார். தொடர் ஓஹோவென்று ஓடிய 1700-களின் தொடக்கத்தில் பிரவுன் உயிரோடு இல்லை. 1698-லேயே போய்ச் சேர்ந்துவிட்டார். பெயர் அச்சில் வந்தது. படிக்கத்தான் ஆள் இல்லை.

இந்த நெட்வொர்க்கில் என் அபிமானக் கதாபாத்திரம் மணிலாவில் இருந்த ஜார்ஜ் ஜோசப் கமெல். மொராவியாவில் பிறந்து, இயேசு சபையில் பிரதராகச் சேர்ந்து, மருந்தகம் நடத்தியவர். ஸ்பானியக் கத்தோலிக்க ஊர் அது. பெட்டிவரோ இங்கிலீஷ் புராட்டஸ்டன்ட். இரண்டு தரப்பும் நேருக்கு நேர் பார்த்தால் பீரங்கிதான் பேசும். ஆனால் செடி விஷயம் என்றால் மட்டும் மதமாவது, மன்னராவது! கடிதமும் பார்சலும் வழியில் இறங்கி ஏறிய இடம் எது? செயின்ட் ஜார்ஜ் கோட்டை. கைமாற்றி விட்டவர்கள் நம்ம பிரவுனும் பல்க்லியும்.

கமெல் முதலில் அனுப்பிய பொக்கிஷத்தைக் கடற்கொள்ளைக்காரர்கள் அமுக்கிவிட்டார்கள். உயிரைப் பணயம் வைத்துக் கப்பலைப் பிடித்து, ஆசை ஆசையாகப் பெட்டியைத் திறந்தால் உள்ளே காய்ந்த இலை. அந்த முகங்களைப் பார்க்க நான் எவ்வளவு வேண்டுமானாலும் கொடுப்பேன். கமெல் அசரவில்லை. மறுபடி எழுதினார், மறுபடி வரைந்தார், மறுபடி அனுப்பினார். 1704-இல் ஆங்கிலத் தாவரவியலாளர் ஜான் ரே தன் தாவர நூலின் மூன்றாம் பாகத்தில் அவருடைய லூசோன் தீவுச் செடிகளை இணைப்பாகச் சேர்த்துக்கொண்டார். பிற்பாடு சுவீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் ஒரு செடிக்கு அவர் நினைவாகக் கமேலியா என்று பெயர் சூட்டினார். அந்தச் செடியைக் கண்டுபிடித்தது கமெல் இல்லை. ஆனால் அவர் உழைத்து எழுதிய பக்கங்களை மறந்துவிட்ட உலகம், அவருக்குச் சம்பந்தமில்லாத அந்தப் பூவால்தான் அவரை ஞாபகம் வைத்திருக்கிறது.

பெட்டிவரின் கடிதத் தோழிகளையும் விட்டுவிடக் கூடாது. எலினார் கிளான்வில் என்ற அம்மாள், நல்ல சொத்துக்காரி, பட்டாம்பூச்சி என்றால் உயிர். புருஷன் சரியில்லை, அது தனிக் கதை. 1709-இல் அம்மாள் காலமானார். உயிலைப் பார்த்த மகனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. நேராகக் கோர்ட்டுக்குப் போனார். வாதம் என்ன தெரியுமா? அம்மாவுக்குப் புத்தி சுவாதீனம் இல்லை. அக்கம்பக்கத்தவர்கள் வரிசையாக வந்து, ஆமாம், கோலமே சரியில்லாமல் வேலியை அடித்துப் புழு உதிர்த்துக்கொண்டிருந்தார் என்று சாட்சி சொன்னார்கள். உயில் தள்ளுபடி. ஆண்கள் செய்தால் ராயல் சொசைட்டி, அம்மாள் செய்தால் பைத்தியம். இன்று இங்கிலாந்தில் ஒரு பட்டாம்பூச்சிக்கு அவர் பெயர் இருக்கிறது. உயிலுக்காக வழக்காடிய மகன் பெயரில் ஈ கூடக் கிடையாது.

இவ்வளவு புகழோடு இருந்த பெட்டிவரின் அருங்காட்சியகம் எப்படி இருந்தது என்று பார்க்க, 1710-இல் உஃபென்பாக் என்ற ஜெர்மன்காரர் நேரில் வந்தார். வந்திருக்கவே கூடாது. பெட்டிவரின் லத்தீன் படுமோசம், ஆள் பார்க்கவும் சுமார், பொருள்கள் கண்டபடி கிடக்கின்றன, ஏதாவது அற்பப் பொருள் கிடைத்தால் உடனே அச்சடித்து யாராவது தெரிந்தவருக்குச் சமர்ப்பணம் செய்து காசு பார்க்கிறார் என்று நாட்குறிப்பில் கிழித்துத் தொங்கவிட்டுவிட்டார். சமர்ப்பண விஷயம் பொய்யில்லை. பெட்டிவர் ஒவ்வொரு படத் தகட்டுக்கும் ஒரு புரவலரைப் பிடிப்பார். கல்யாண மண்டப ஃபேனில் 'உபயம்' எழுதும் நமக்கு இதில் அதிர்ச்சி எதுவும் இல்லை.

இதற்குப் பத்து வருஷம் முன்பே, 1700-இல், வில்லியம் கிங் என்பவர் ஸ்லோனையும் அவர் பொறுப்பில் இருந்த ராயல் சொசைட்டிப் பத்திரிகையில் எழுதுபவர்களையும் கிண்டல் செய்து ஒரு நூல் போட்டிருந்தார். பெட்டிவருக்கும் அதில் பங்கு கிடைத்தது. கிண்டலோ பாராட்டோ, பெயர் அச்சில் வந்ததா இல்லையா?

1718-இல் பெட்டிவர் இறந்ததும் அந்தக் குவியல் மொத்தத்தையும் ஸ்லோன் விலைக்கு வாங்கினார். வாங்கிய பிறகுதான் உள்ளே பார்த்தார் போலிருக்கிறது. சேர்ப்பதில் காட்டிய அக்கறையை மனுஷர் பாதுகாப்பதில் காட்டவில்லை, தூசும் பூச்சியும் மழையும் பாதியை வீணாக்கிவிட்டன என்று எழுதி வைத்தார். பூச்சிகளைப் பூச்சிகளே தின்றுவிட்டன. மிஞ்சியது பிரிட்டிஷ் மியூசியத்துக்குப் போனது; அதில் பிரவுனும் பல்க்லியும் அனுப்பிய சென்னைச் செடிகள் இன்று லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

கடைசியாக ஒரு பட்டாம்பூச்சிக் கதை. 1702-இல் வில்லியம் சார்ல்டன் என்ற சேகரிப்பாளர், தான் சாவதற்குக் கொஞ்சம் முன்பு, பெட்டிவருக்கு ஒன்று கொடுத்தார். இங்கிலாந்தில் சாதாரணமாகப் பறக்கும் 'பிரிம்ஸ்டோன்' மஞ்சள் பட்டாம்பூச்சி மாதிரியே இருக்கிறது, ஆனால் இறக்கையில் கறுப்புப் புள்ளிகள், கீழே நீல நிறப் பிறைகள்! பெட்டிவர் துள்ளிக் குதித்து, இப்படி ஒன்றை இதுவரை பார்த்ததே இல்லை என்று படத்தோடு அச்சிட்டார். ஒரு சின்னத் தகவல்: சார்ல்டனின் உண்மையான பெயர் வில்லியம் கோர்ட்டன். கடன், வழக்குத் தொல்லைகளில் பெயரையே மாற்றிக்கொண்டவர். பெயர் மாற்றி வைத்திருந்தவர் கொடுத்த பூச்சி எப்படி இருக்கும்?

லின்னேயஸ் வந்தார். பூலோகத்தில் உள்ள சகலத்துக்கும் பெயர் வைக்கப் பிறந்தவர். 1767-இல், தன் மகா நூலின் பன்னிரண்டாம் பதிப்பில் இதைத் தனி இனமாகவே சேர்த்து, லத்தீனில் நாமகரணம் செய்துவிட்டார். 1793-இல் அவருடைய மாணவர் ஃபாப்ரிசியஸ் பூச்சியை உற்றுப் பார்த்தார். புள்ளியும் பிறையும் யாரோ தூரிகையால் தீட்டிய பெயின்ட். அடியில் இருந்தது சாட்சாத் அதே சாதாரண பிரிம்ஸ்டோன். தொண்ணூறு வருஷம் ஐரோப்பாவின் மகா மேதைகள் ஒரு பெயின்டருக்கு மரியாதை செய்திருக்கிறார்கள்.

விஷயம் தெரிந்ததும் பிரிட்டிஷ் மியூசியத்தின் காப்பாளர் கிரே அந்தப் பூச்சியைக் கீழே போட்டு மிதித்தே தூளாக்கினார் என்று ஒரு கதை. அப்புறம் வில்லியம் ஜோன்ஸ் என்ற பட்டாம்பூச்சிப் பிரியர், ஐயோ, இவ்வளவு அருமையான போலி அநியாயமாகப் போய்விட்டதே என்று வருந்தி, வேறு பிரிம்ஸ்டோன்களைப் பிடித்து, அதே புள்ளிகளையும் பிறைகளையும் தானே தீட்டி வைத்தாராம். சார்ல்டன் பெயரைச் சொல்லி லண்டன் லின்னேயன் சங்கத்தில் இன்று பத்திரமாகப் பாதுகாப்பது அந்தப் போலியின் போலிகளைத்தான்.