வலப்பக்கம் உக்காரு பேராண்டி

ஏன்டா பேராண்டி, கிழக்குக் கடற்கரைச் சாலையில ஒருநாள் டூராமே? ஏசி பஸ்ஸாம், கைடாம், மத்தியானச் சாப்பாடும் சேர்த்தாம். முழுப் பணமும் கட்டிட்டியாம், உங்கம்மா சொன்னா. கடப்பாக்கத்துல அந்த ரோட்டோரமே நான் ஒருத்தன் உக்காந்திருக்கேன். என்னைக் கேட்டிருந்தா சும்மாவே கூட்டிப்போய்க் காட்டியிருப்பேன். ஆனா ஓசியில காட்டுனா நீ எங்கே பாக்கப்போறே?

மொதல்ல சீட்டு விஷயம். கடல் தெரியணும்னு ஓடிப்போய் இடப்பக்க ஜன்னலைப் பிடிப்பே. தெக்கே போறப்ப கடல் இடப்பக்கந்தான், ஒத்துக்கறேன். காலை வெயில் எந்தப் பக்கம்? அதுவும் கிழக்குத்தானே. சாயங்காலம் வடக்கே திரும்பறப்ப அதே ஜன்னல் மேற்கே பாக்கும். அந்த வெயிலும் உனக்கே. ரெண்டு வேளையும் வெந்து, திரையை இழுத்து விட்டுட்டு டிவியில பழைய படம் பாத்துக்கிட்டு வருவே. வலப்பக்கத்துக்காரனுக்குப் போறப்பவும் நிழல், வர்றப்பவும் நிழல். இருட்டறதுக்கு முன்ன கிளம்பிட்டா, திரும்புற வழியில கடலும் அவனுக்குத்தான். அந்தச் சீட்டுல யாருன்னு விசாரிச்சுப் பாரு, டிரைவருக்கு மச்சானா இருப்பான்.

கடல் கடல்னு சொல்றேனே, அது கண்ணுல படும்னு நம்பிடாதே. திருவான்மியூர் தாண்டினதுலேர்ந்து மதில் சுவரு, ரிசார்ட் கேட்டு, பங்களா, பிரியாணிக் கடை. கடற்கரைச் சாலையில கடலைத் தவிர எல்லாம் தெரியும். முட்டுக்காட்டுப் பாலத்துல ஏறினதும் தண்ணியைக் கண்டு பஸ்ஸே 'ஓ'ன்னு கத்தும், செல்போனைத் தூக்கும். அது உப்பங்கழிடா. கடல் இன்னும் அந்தாண்ட, முகத்துவாரத்துல இருக்கு. கைடு திருத்தமாட்டான். சந்தோஷத்தைக் கெடுக்க அவனுக்கென்ன தலையெழுத்தா?

அப்பால வடநெம்மேலி முதலைப் பண்ணை. 1976ல விட்டேக்கர்னு ஒருத்தர் ஆரம்பிச்சது. முதலை அசையாம கிடக்கும். 'பொம்மையா சார்?'னு யாராவது கேப்பான், அது நீயா இருந்துடாதே. முதலையைவிடப் பாக்கவேண்டியது அங்கேயே இருக்கிற இருளர் பாம்புப் பண்ணை. இருளருங்க ஒரு காலத்துல தோலுக்காகப் பாம்பு பிடிச்சவங்க. 1972ல வனவிலங்குச் சட்டம் வந்து, அப்பால தோல் வியாபாரமும் நின்னுபோச்சு. கையில இருந்த ஒரே வித்தை பாம்பு பிடிக்கிறது. அதுக்கும் தடைன்னா எங்கே போவாங்க? 1978ல கூட்டுறவுச் சங்கம் வச்சாங்க. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நாலையும் பிடிச்சாந்து, மண்பானையில மணலைப் போட்டு, வாயைத் துணியால கட்டி வைப்பாங்க. சில வாரம் வச்சிருந்து விஷத்தை எடுத்துட்டு, பாம்பைக் காட்டுலயே விட்டுடுவாங்க. பாம்புக்கடி மருந்துக்கு அந்த விஷந்தான் மூலம். நாளைக்கு வயக்காட்டுல உன்னை ஒண்ணு போட்டுச்சுன்னா, ஆஸ்பத்திரியில ஏத்தற ஊசிக்குப் பின்னால இந்த ஜனம் இருக்கு. கைடு இங்கே பத்து நிமிஷந்தான் தருவான். நீ இருபதா எடுத்துக்கோ. விட்டுட்டா போயிடுவான்? மாமல்லபுரத்துல சாப்பாட்டுக்கு ஒன்றரை மணி நேரம் ஒதுக்கியிருக்கானே, அதுல கழிச்சுக்கட்டும்.

மாமல்லபுரத்துல வெண்ணெய்ப் பாறையைக் கையால தாங்கற மாதிரி போட்டோ எடுக்காம நீ வரமாட்டே. எடுத்துக்கோ. அது சுமார் 250 டன்னுன்னு கைடு சொல்வான், வெள்ளைக்கார கவர்னர் ஏழு யானை கட்டி இழுத்த கதையும் சொல்வான். தலையாட்டு. அங்கேருந்து ரெண்டு எட்டு வச்சா அர்ச்சுனன் தபசு. எல்லாரும் பெரிய யானையைப் பாத்து வாயைப் பொளப்பாங்க. நீ யானை காலுக்குப் பக்கத்துல குனிஞ்சு பாரு: ஒரு பூனை ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கித் தவம் பண்ணும், சுத்தி எலிங்க. பல்லவன் காலத்துச் சிற்பிக்கு என்ன குசும்புடா! அதைப் பாத்த கையோட, 'பக்கத்துல நமக்குத் தெரிஞ்ச கல்லுச் சிற்பக் கடை, நம்ம ஆளுங்கன்னா விலை குறைப்பாங்க'ன்னு கைடு சொல்றப்ப அவன் மூஞ்சியையும் ஒருவாட்டி பாத்துக்கோ. புள்ளையார் வாங்கணும்னா, புருவத்துல கல்லுத்தூசியோட உக்காந்து உளி தட்டறவன்கிட்டயே வாங்கு.

கடற்கரைக் கோயில்கிட்ட காலை நனைக்கிறதோட நிறுத்திக்கோ. அலை திரும்பறப்ப காலடி மண்ணைப் பறிச்சு உள்ளே இழுக்கும். நீச்சல் தெரியும்னு மார்தட்டறவனைத்தான் இந்தக் கடல் மொதல்ல கூப்பிடும். வலைக்காரன் யாராவது 'வேணாம்பா'ன்னா பேசாம ஏறி வந்துடு.

சாப்பாட்டு மேசையில 'இன்னிக்குக் காலையில பிடிச்ச வஞ்சிரம்'பான். என்ன மாசம்னு பாரு. ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாளு விசைப்படகு கடலுக்கே போகாது. கட்டுமரத்துலயும் நாட்டுப்படகுலயும் வர்ற மீனு ஊருக்கே பத்தாது. அப்பவும் தட்டு தட்டா வஞ்சிரம் வந்தா, ஐஸ்பெட்டியில அது எத்தினி நாளு தூங்குச்சோ!

தின்ன மயக்கத்துல பஸ்ஸு மொத்தமும் தூங்கும். அங்கேதான் ரோடே அழகாகும். மதில் சுவரு குறைஞ்சு பனையும் சவுக்கும் வரும், காத்து வரும். எங்க கடப்பாக்கத்து ஆலம்பரைக் கோட்டை செங்கல்லும் சுண்ணாம்புமா இடிஞ்சு கிடக்கும். பிரெஞ்சுக்காரன் கையில இருந்ததை 1760ல இங்கிலீஷ்காரன் இடிச்சது. உங்க பஸ்ஸு அங்கே நிக்காது, கமிஷன் குடுக்கக் கடை இல்லியே. அப்பால மரக்காணம் உப்பளம். கோடையில வெள்ளை வெளேர்னு உப்பைக் குமிச்சிருப்பாங்க, கண்ணு கூசும். மழைக்காலத்துல போனா வெறும் தண்ணிதான். பாண்டிச்சேரி உனக்கே தெரியும், உன் சிநேகிதனுங்க எதுக்குப் போறானுங்கன்னு எனக்கும் தெரியும். அதை விடு.

ஆமா, என்னிக்குப் போறேன்னு சொல்லவே இல்லியே? திங்கக்கிழமைன்னா முதலைப் பண்ணைக்கு லீவு. செவ்வாய்க்கிழமைன்னா முட்டுக்காட்டுத் தட்சிணசித்ரா அருங்காட்சியகத்துக்கு லீவு. போனைப் போட்டு புதனுக்கு மாத்திக்கோ.