புத்தகத்தில் இருக்கும் சரக்கு

மத்தியத் திறன் மேம்பாடு மற்றும் தொழில்முனைவு அமைச்சகத்தாருக்கு,

கிடங்கு நடத்துவதில் தங்களை மிஞ்ச ஆளில்லை. 2015 ஜூலையில் பிரதமரின் திறன் மேம்பாட்டுத் திட்டம் தொடங்கியதிலிருந்து ஒரு கோடிக்கும் மேற்பட்டோரை உள்ளே எடுத்து, லேபிள் ஒட்டி, டெஸ்பாட்ச் செய்துவிட்டீர்கள். ஸ்டாக்கைச் சரிபார்க்க வந்த தணிக்கைத் துறைதான் தொழில் தெரியாமல் நடந்துகொண்டது. 2025 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட அதன் அறிக்கைப்படி, அது ஆராய்ந்த சுமார் 96 லட்சம் பேரில் 90 லட்சத்துக்கும் அதிகமானோரின் வங்கிக் கணக்குக் கட்டம் காலி, அல்லது பூஜ்யம். எழுதப்பட்ட சிலவும் 11111111111 ரகம். ஒரே புகைப்படம் பல பெயர்களுக்கு உழைத்திருக்கிறது. இன்வாய்ஸ் எண்ணை இப்படி எழுதிச் சரக்கை இறக்கும் பையனை ஒரகடம் தொழிற்பேட்டையில் எந்தக் கிடங்கும் அன்று மாலைவரைகூட வைத்திருக்காது.

அந்தப் பையன் செய்யும் வேலைக்கும் தங்களிடம் சான்றிதழ் உண்டு: வேர்ஹவுஸ் பிக்கர், பேக்கர். உதிரிபாகக் கிடங்கில் அந்த வேலை எளிதல்ல. இடப்பக்க பிராக்கெட்டும் வலப்பக்க பிராக்கெட்டும் பார்வைக்கு ஒன்றே. பார்ட் நம்பரின் கடைசி எழுத்து மட்டும் மாறும். சரக்கு வைக்கும் பெட்டி, அதாவது ‘பின்’, மாறிப் போனால் அசெம்பிளி லைன் நிற்கும். ஆயில் சீல் ரப்பரால் ஆனது, கிடந்தால் கெடும்; அதனால் பழைய தேதியிட்டது முதலில் வெளியே போக வேண்டும். பேரிங்கின் உறையை ‘எப்படி இருக்கிறதென்று பார்க்க’ப் பிரிக்கக் கூடாது, தூசி ஏறினால் அதன் ஆயுள் குறைந்துவிடும். இதெல்லாம் மூத்த கையொன்றின் பக்கத்தில் நின்று மாதக்கணக்கில் படிவது. வகுப்பறையில் படம் காட்டி, கேள்வித்தாளில் டிக் அடிக்கவைத்து இது வந்துவிடாது என்று ஆள் எடுப்பவருக்குத் தெரியும். அதனால்தான் காண்ட்ராக்டர் ஆதாரைக் கேட்கிறார், சான்றிதழைக் கேட்பதில்லை. குறுகிய காலப் பயிற்சியில் சான்றிதழ் பெற்றவர்களில் நூற்றுக்கு 41 பேருக்குத்தான் வேலை கிடைத்தது என்று அதே அறிக்கை சொல்வதில் எனக்கு ஆச்சரியமில்லை. 41 என்பதே எனக்குத் தாராளமாகத் தெரிகிறது.

இவ்வளவு பெரிய நாட்டில் ஒவ்வொருவரையும் எப்படிச் சரிபார்ப்பது என்பீர்கள். பல்லாயிரம் பார்ட் நம்பர்களை ஒரு சாதாரண உதிரிபாகக் கிடங்கு தினமும் ஒரு ரேக்காக எண்ணிக்கொண்டேதான் இருக்கிறது. இப்போது முகம் பார்த்துப் பதிவு செய்கிறோம் என்பீர்கள். நல்லது, வகுப்பில் உட்கார்ந்தவர் யார் என்பது தெரியும், கற்றது என்ன என்பது தெரியாது. அனுபவத்தால் கற்றவருக்குச் சான்றிதழ் என்று ஒரு தாளாவது கிடைக்கிறதே என்ற வாதத்தில் மட்டும் நியாயம் உண்டு. பத்தாண்டு மூட்டை தூக்கியவருக்கு அங்கீகாரம் வேண்டியதுதான். ஆனால் அந்தத் தாளைக் காட்டினால் கூலி ஒரு ரூபாயாவது ஏற வேண்டாமா? சான்றிதழுக்குக் கூடுதல் கூலி என்று எந்த முதலாளியையும் கட்டாயப்படுத்தாமல், சான்றிதழ் எண்ணிக்கையை மட்டும் சாதனையாக அறிவிப்பது அங்கீகாரமா? எண்ணிக்கையைத் துரத்தாதீர்கள் என்று 2016-ல் தாங்களே அமைத்த சாரதா பிரசாத் குழு சொல்லியிருந்தது. அந்தக் குழுவின் அறிக்கையை எந்த ‘பின்’னில் வைத்தீர்களோ.

ஒரு சிறு விண்ணப்பம். தங்கள் சான்றிதழ் பெற்ற பிக்கர் ஒருவரை அமைச்சகத்திலேயே வேலைக்கு எடுத்து, அந்த ஒரு கோடிப் பெயர்களையும் எண்ணச் சொல்லுங்கள். சம்பளம் போடும்போது அவருடைய வங்கிக் கணக்கு எண்ணை அவரையே எழுதச் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
வரி கட்டும் ஒருவன்