போர்டு மாட்டின மாப்ளைக்கு

மாப்ள, கேட்டுல ‘நாய்கள் ஜாக்கிரதை’ன்னு போர்டு மாட்டிட்டியாமே! செகப்புப் பெயிண்டு, பல்லைக் காட்டுற நாய்ப் படம் வேற. பலே! இனிமே உன் ராட்வைலர் யாரைக் கடிச்சாலும் பொறுப்பு கடிபட்டவனோடதுன்னு நெனச்சிருப்ப. நல்ல நெனப்புதான். வக்கீல் வீட்லயும் அடுப்பெரியணும்ல.

அந்தப் போர்டு என்னான்னு நெனச்ச? ‘என் நாய் கடிக்கும், அது எனக்கும் தெரியும்’னு காசு செலவழிச்சு நீயே எழுதிக் கொடுத்த வாக்குமூலம். செவரேறிக் குதிச்ச திருடன் கதை வேற. சிலிண்டர் போடுறவரு, தபால்காரரு, கரண்டு ரீடிங் எடுக்குறவரு, கல்யாணப் பத்திரிகையோட வர்ற பெரியாத்தா, இவுகல்லாம் கேட்டைத் தொறந்துதானே வரணும்? நாயை அவுத்து விட்டுட்டுப் போர்டைக் காட்டுனா, கோர்ட்டுல அது அவுக பக்கம்தான் சாட்சி சொல்லும்.

இன்னொரு மந்திரமும் வச்சிருக்க: ‘பயப்படாதீக, ஒண்ணும் பண்ணாது.’ வந்தவரு வேட்டியைப் பிடிச்சுக்கிட்டுத் திண்ணை மேல ஏறி நிக்கிறாரு. நீ கையில பிஸ்கட்டோட ‘சும்மா மோந்து பாக்குது சித்தப்பா’ங்குற. அது மோந்து முடிச்சப்ப பாதி வேட்டி அதோட வாயில.

வெள்ளைக்காரன் 1860-ல எழுதுன சட்டத்துல, வளக்குற பிராணியைக் கவனமா வச்சுக்காதவனுக்கு 6 மாசம் வரைக்கும் ஜெயிலு, இல்லேன்னா 1,000 ரூவா வரைக்கும் அபராதம், இல்லேன்னா ரெண்டும். 2024 ஜூலையில நடப்புக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவுல அது 291-ஆம் பிரிவு. அபராதம் 5,000 ஆயிருச்சு. நூத்தறுபது வருசமா வெல ஏறாம கெடந்தது அது ஒண்ணுதான், அதையும் ஏத்திட்டாக. ஆஸ்பத்திரிச் செலவு, விட்டுப்போன கூலின்னு கேக்குற நஷ்டஈடு தனிக் கணக்கு. அதே 2024 மே மாசம் சென்னையில ஒரு பார்க்குல ரெண்டு ராட்வைலர் 5 வயசுப் புள்ளையைக் கடிச்சுக் குதறுச்சே, போலீசு பிடிச்சுக்கிட்டுப் போனது ஓனரைத்தான்.

அதனால, வெளியில ஒரு பெல்லு வையி. பெல்லடிச்சா மொத நாயைக் கட்டு, அப்புறம் கொண்டியை எடு. ரேபிஸ் ஊசியைத் தவறாமப் போட்டு அட்டையைப் பத்திரமா வையி. மீறிக் கடிச்சுட்டா, சுண்ணாம்பு தடவுற வைத்தியமெல்லாம் வேணாம்; சோப்புப் போட்டு, ஓடுற தண்ணியில 15 நிமிசம் கழுவிட்டு உன் வண்டியிலயே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ. ரேபிஸ் முத்திருச்சுன்னா பொழைக்க வைக்க மருந்தில்ல.

இதெல்லாம் தொந்தரவுன்னு தோணுச்சுன்னா விட்ரு மாப்ள. உள்ள போனா நேரத்துக்குச் சோறு, ராத்திரிக் காவல், கம்பிக் கதவு எல்லாம் கவர்மெண்டு பாத்துக்கும். ஒரு உசுரை எப்படிப் பூட்டி வைக்கணும்னு அங்க கிட்ட இருந்தே கத்துக்கலாம்.