முடிவு தெரிந்தால் போதும்

கேள்வி: கதையின் போக்கைத் திட்டமிட்டு எழுத வேண்டுமா, பேனா போன போக்கில் விடலாமா?
(ஒரு வாசகர், மங்களூர், விருத்தாசலம் வழி)

பதில்: பீங்கானுக்குப் பேர்போன விருத்தாசலம் பக்கத்திலிருந்து இப்படியொரு சந்தேகமா! அச்சில் களிமண் கூழை ஊற்றும்போதே பிள்ளையாரா, பூனையா என்பது முடிவாகிவிடுகிறதே. துப்பறியும் கதைக்கு அந்த அச்சு கட்டாயம் வேண்டும். கொலைகாரன் யாரென்று எழுதுகிறவருக்கே தெரியாவிட்டால் போலீஸ் உங்களைத்தான் தேடும்.

சரித்திர நாவலுக்கும் அப்படித்தான். கல்கி 1950 முதல் 1954 வரை சோழர் கதையான ‘பொன்னியின் செல்வ’னை வாராவாரம் எழுதினார். நந்தினியை இஷ்டம்போல் நடமாட விட்டார். ஆழ்வார்க்கடியானை ஊர்வம்புக்கு அனுப்பினார். ஆனால் இளவரசர் அருள்மொழி விட்டுக்கொடுக்க, உத்தம சோழர் அரியணை ஏறுவதை மாற்ற முடியாது. அதைச் சோழர் காலத்துத் திருவாலங்காட்டுச் செப்பேடு எப்போதோ எழுதிவைத்துவிட்டது. முடிவு செப்பேட்டில், வழியெல்லாம் கல்கியின் கையில்!

சிறுகதையென்றால் இன்றே உட்காருங்கள். நாவலென்றால் கடைசி அத்தியாயத்தை ஒரு வரியில் குறித்துக்கொண்டு உட்காருங்கள்.