ஒட்டுவதில் நாம் கெட்டிக்காரர்கள்

லாபு ரயில் நிலையப் பக்கம் நேற்று ஒரு பழைய புரோட்டோன் வீரா என்னை உரசாத குறையாக முந்திக்கொண்டு போனது. அதன் முதுகில் ‘ஹேண்ட்லிங் பை லோட்டஸ்’. பாசார் மாலாம் ஸ்டிக்கர், ஒரு முனை பிய்ந்து ஆடிக்கொண்டிருந்தது. அப்போதிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

லோட்டஸ் கார் ஏன் இத்தனை பேரை மயக்கியது என்று சொல்லத்தான் உட்கார்ந்தேன். சொல்கிறேன். முதலில் ஸ்டிக்கர்.

1998இல் வந்த சத்ரியா ஜிடிஐ அந்த எழுத்தைப் போட்டுக்கொண்டது. அதற்கு உரிமை உண்டு. 1996இல் புரோட்டோன் லோட்டசை வாங்க, லோட்டஸ்காரர்களே சத்ரியாவின் சஸ்பென்ஷனைச் சரிபார்த்தார்கள். நாம் அதோடு விட்டோமா? சாகாவில் ஒட்டினோம். புரோட்டோனுக்குச் சொந்தமே இல்லாத கஞ்சிலில் ஒட்டினோம். செம்பனைக் குலை ஏற்றும் லோரியில் ஒட்டினோம். அது வளைவுக்கு இரண்டு குலை உதிர்த்துவிட்டுப் போகிறது. புல் வெட்டப் போகிறவரின் மோட்டார் சைக்கிளில் பார்த்தேன். தோட்டத்துக் கோயில் ரதமும் அதை இழுக்கும் டிராக்டரும்தான் பாக்கி, அடுத்த திருவிழாவுக்குள் அதுவும் நடந்துவிடும். “உங்க முதுகிலயும் ஒண்ணு ஒட்டலாம், ஆனா கூப்பிட்டா திரும்பவே மாட்டீங்களே” என்கிறாள் என் மனைவி.

1952இல் லோட்டஸ் கம்பெனி தொடங்கிய காலின் சாப்மன் எடையைக் குறைப்பதையே வேதமாக வைத்திருந்தவர். அவர் போன பிறகு, 1996இல் விற்பனைக்கு வந்த எலீஸ்கூட 725 கிலோதான். அலுமினியத் துண்டுகளைப் பசை போட்டு ஒட்டிய சட்டகம். பாருங்கள், அவர்களும்தான் ஒட்டினார்கள்! நம் தம்பிகளோ ஸ்பாய்லர், பூட் நிறைய ஸ்பீக்கர், ஐந்து கூட்டாளிகள் என்று ஏற்றி, மேலே லோட்டஸ் பெயரையும் ஏற்றுகிறார்கள்.

2010இல் டோனி பெர்னாண்டசின் லோட்டஸ் ஃபார்முலா ஒன் அணி பக்கத்துச் செப்பாங்கில் ஓடியபோது எங்கள் தே தாரேக் கடையில் ஆளாளுக்குப் பொறியாளர். அந்த ஆண்டு முழுக்க அந்த அணிக்கு ஒரு புள்ளி கிடையாது. 2017இல் லோட்டசின் 51 விழுக்காடு சீனாவின் ஜீலிக்குப் போனது. ஒருத்தனும் ஸ்டிக்கரைப் பிய்க்கவில்லை.

சரி, மயக்கத்துக்கு வருவோம். எலீசின் கதவோரச் சட்டம் அவ்வளவு அகலம். ஒரு காலை உள்ளே விட்டு, பின்பக்கத்தை இறக்கி, மறுகாலைக் கையால் தூக்கி வைக்க வேண்டும். கைலியோடு இதைச் செய்ய முடியாது. செய்தாலும் பஸ் நிறுத்தத்துக்கு எதிரில் செய்யக் கூடாது.