காரின் கடகட ஒலியும் கல்யாணப் பத்திரிகையும்: புதுச்சேரியை முன்வைத்து ஓர் ஆய்வு

முன்னுரை

ஆய்வுக் கட்டுரை என்றால் தொல்காப்பியத்தில் தொடங்க வேண்டும் என்பது நெறியாளர்கள் வகுத்த நெறி. எவ்வளவு பிழிந்தும் தொல்காப்பியத்தில் டேஷ்போர்டு சிக்காததால் இக்கட்டுரை அகநானூற்றில் தொடங்குகிறது. அதன் 4ஆம் பாட்டில், குறுங்குடி மருதனார் பாடிய முல்லைத் தலைவன் வினை முடித்து வீடு திரும்புகிறான். வழியில் பூத்த சோலையில் ஜோடியாக இருக்கும் வண்டுகள் மிரளுமே என்று தன் தேர்மணியின் நாவைக் கட்டிவிடுகிறான். தமிழில் பதிவாகியிருக்கும் வாகன மாற்றியமைப்புகளில் இதைவிடச் செலவு குறைந்தது வேறில்லை. ஒரு துண்டு நாரோ துணியோ போதும். வண்டி சத்தமில்லாமல் போகிறது, வண்டுக்கும் நிம்மதி, தலைவனுக்கும் நல்ல பெயர். உரை எழுதியவர்கள் அவன் அன்பையும் அருளையும் பாராட்டிப் பக்கம் பக்கமாக எழுதினார்கள். எதனால் கட்டினான், முடிச்சு எத்தனை, மழையில் நனைந்தால் அவிழுமா என்று ஒருவரும் கேட்கவில்லை. இந்த ஆய்வு இடைவெளியை நிரப்புவதே நம் நோக்கம். எதை வைத்து நிரப்புவது என்பதைப் பின்னால் காண்போம்.

கருதுகோள் ஒன்றே ஒன்று: பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் செலவழித்துக் காரில் சேர்ப்பதெல்லாம் எதிர்வீட்டுக்காரருக்காக, நூறு ரூபாய்க்குள் சேர்ப்பது ஓட்டுகிறவருக்காக (டீக்கடை, வாய்மொழி).

ஆய்வு எல்லை

புதுச்சேரியில் எல்லையை வரையறுப்பது லேசான காரியம் இல்லை. 1954 நவம்பர் 1ஆம் தேதி பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தை ஒப்படைத்தார்களே தவிர, நிலத்தை ஒட்டவைத்துக் கொடுக்கவில்லை. மாஹே கேரளக் கரையில் இருக்கிறது, ஏனாம் ஆந்திரத்தில் இருக்கிறது, காரைக்காலுக்குப் போகத் தமிழ்நாட்டைத் தாண்ட வேண்டும். நகரத்தைவிட்டு வெளியே காரை விட்டால் புதுச்சேரி, தமிழ்நாடு, மறுபடி புதுச்சேரி என்று பலகைகள் மாறிக்கொண்டே வரும். ஒரே கியரில் இரண்டு அரசாங்கம்.

மாதிரியெடுப்பிலும் சிக்கல். பி.ஒய். 01 என்று பலகை மாட்டியதெல்லாம் புதுச்சேரிக் கார் என்று கொள்ள முடியாது. சாலை வரி குறைவு என்பதால் இங்கே பதிவாகி, வெளிமாநிலத்து பங்களாக்களில் குடித்தனம் நடத்தும் சொகுசுக் கார்கள் உண்டு. 2017இல் கேரளத்தில் அது வழக்காகவே வெடித்தது. அவற்றில் கடகட ஒலி எழுவதில்லை. எழுந்தாலும் அதைக் கேட்பது டிரைவர். எனவே அவை இந்த ஆய்விலிருந்து விலக்கப்படுகின்றன.

முன்னோடி வாகனங்கள்

பிரெஞ்சுக் காலத்து புஷ்புஷ் வண்டியைச் சொல்லாமல் விட்டால் பின்வரும் ஆய்வாளர்கள் ஏசுவார்கள். உட்கார்ந்திருப்பவர் கையில் திருப்புகிற கம்பி. பின்னாலிருந்து தள்ளுவது வேறோர் ஆள். எஞ்சின் பின்னே, ஸ்டியரிங் முன்னே. மூச்சு வாங்குகிறவருக்கு எங்கே போகிறோம் என்று தெரியாது, போகுமிடம் தெரிந்தவருக்கு மூச்சு வாங்காது. வண்டி வழக்கொழிந்துவிட்டது. அமைப்பு மட்டும் முனைவர் பட்ட ஆய்வில் நெறியாளர், மாணவர் என்ற பெயரில் நீடிக்கிறது.

வகைப்பாடு

குட்டிக் கண்ணாடி: பக்கக் கண்ணாடியின் வெளிமூலையில் ஒட்டும் வட்டக் குவிகண்ணாடி; நேரு வீதியில் இடப்பக்கம் நுழையும் ஸ்கூட்டியைக் காட்டும்; ஒட்டுக.

வைப்பர் ரப்பர்: வெயிலில் விறைத்துப்போகும், கடற்காற்று கண்ணாடியில் உப்பைப் பூசும், இரண்டும் சேர்ந்தால் முதல் மழையில் சாலை தெரியாது, கோடுதான் தெரியும். ஐப்பசிக்கு முன் ரப்பரை மாற்றிவிட வேண்டும். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் ஒரே நாளில் 48 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியபோது மட்டும் இந்த விதி செல்லவில்லை. அன்று தேவைப்பட்டது படகு.

சீட்டில் துண்டு: சித்திரை வெயிலில் நின்ற காரின் ரெக்சின் சீட்டில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு விளக்கம் வேண்டாம்.

ஹாரன்: அகநானூற்றுத் தலைவன் இருந்த மணியைக் கட்டினான், அவன் வழிவந்தவர்கள் இருக்கிற ஹாரன் போதாதென்று இன்னொன்றைக் கட்டுகிறார்கள். பல சுரத்தில் அலறும் ஹாரனை மத்திய மோட்டார் வாகன விதி 119 தடுக்கிறது. விதி இருப்பது அந்தச் சத்தத்தில் காதில் விழுவதில்லை.

டேஷ்போர்டுப் பிள்ளையார்: புது வண்டி மணக்குள விநாயகர் கோயில் வாசலில் மாலை போட்டுக்கொண்டு, நான்கு டயருக்கும் எலுமிச்சம்பழம் நசுக்கிய பிறகே ஊருக்குள் ஓடும். அதன்பின் டேஷ்போர்டில் ஏறும் குட்டிப் பிள்ளையார் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதில் இரண்டு கொள்கைகள். எதிரே வரும் வண்டிகளை அவர் கவனிக்கட்டும் என்பது ஒன்று. எதிரே வருபவனைவிட ஓட்டுகிறவனைத்தான் கவனிக்க வேண்டும் என்பது மற்றது (மேலது, இரண்டாம் டீ). இரு தரப்பும் மறந்த செய்தி: இடப்பக்கம் ஏர்பேக் மூடியின்மேல் அவரை ஒட்டக் கூடாது. ஏர்பேக் விரியும் நேரம் கண்ணிமைப்பதைவிடக் குறைவு. பிள்ளையார் நேரே பக்கத்து சீட்டுக்காரர் முகத்துக்கு எழுந்தருளிவிடுவார்.

கறுப்பு ஃபிலிம்: 2012 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கார்க் கண்ணாடிகளில் ஒட்டக் கூடாதென்றது. ஆகவே ஆய்வுக்கு உரியதன்று.

கடகட

இதுவரை சொன்னவை தோரணவாயில். கோயில் இனிமேல்தான்.

காருக்குள் எழும் ஒலிகளை வகைப்படுத்தும் இடத்தில்தான் கைவிட்ட தொல்காப்பியம் ஓடிவந்து கைகொடுக்கிறது. இரட்டைக்கிளவி பிரிந்து ஒலிக்காது என்கிறது அந்நூல். கார் விஷயத்தில் இது துல்லியம். கடகட என்றால் டேஷ்போர்டு. டக்டக் என்றால் மாட்டாமல் தொங்கும் சீட் பெல்ட்டின் கொக்கி தூணில் மோதுகிறது. கலகல என்றால் டோல்கேட் சில்லறை. லொடலொட என்றால் நம்பர் பிளேட்டின் திருகு. ஒற்றையாக ஒரே ஒரு ‘கட’ மட்டும் கேட்டால் அது ஒலியல்ல. வண்டியிலிருந்து ஏதோ விழுந்துவிட்டது. நிறுத்திப் பொறுக்கிக்கொள்க.

டிக்கியில் உருளும் ஜாக்கிக்குத் தனி மருந்து உண்டு. பன்னாட்டுக் கருத்தரங்கில் பை, பேனா, சாம்பார் சாதம் ஆகியவற்றோடு தரப்படும் ஆய்வுக்கோவையை ஸ்டெப்னிக்கும் ஜாக்கிக்கும் நடுவே திணித்தால் அசைவே இருக்காது. கட்டணம் கட்டியவர் கட்டுரையை எல்லாம் சேர்த்திருப்பதால் கனம் தாராளம். கோவைகள் நடைமுறையில் பயன்படுவதில்லை என்ற குற்றச்சாட்டு இதோடு தீர்ந்தது.

கடகடவுக்கு வருவோம். டேஷ்போர்டு ஒரே துண்டல்ல. பல பிளாஸ்டிக் துண்டுகளைக் கிளிப் போட்டுக் கோத்தது. வெயிலில் விரியும், இரவில் சுருங்கும். சில வருஷத்தில் கிளிப் தளர்ந்து, இரண்டு துண்டுக்கு நடுவே நகக்கண் அளவு இடைவெளி விழும். சாலை குலுக்கினால் இரண்டும் கைதட்டும். அந்த இடைவெளியில் மெத்தென்று எதையாவது செருகினால் தட்ட முடியாது. தொழிற்சாலையிலேயே இதற்காக ஃபெல்ட் பட்டி ஒட்டுகிறார்கள். தத்துவம் அவ்வளவுதான். அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டால் கட்டுரை முடிந்துவிடும் என்பதால் மேலே செல்கிறோம்.

முதற்கண் களம். வெள்ளை நகரத்தின் சுஃப்ரேன் வீதியில் ஒலி வந்தால் கேட்கும். ஆனால் சாலை சமமாக இருப்பதால் வராது. கடலூர் சாலையில் வரும். பஸ் ஹாரனில் கேட்காது. ஒலியியலின் இந்த முரணைத் தீர்ப்பது மூடிக் கிடக்கும் ஏ.எஃப்.டி. ஆலைக்குப் பக்கத்து ரயில்வே கேட். ரயில் போன பிறகு, கேட் திறந்து, பின்னால் நிற்பவர் பொறுமை இழப்பதற்குமுன் இரண்டாவது கியரில் தண்டவாளத்தின் மேல் ஏறி இறங்கினால் வண்டியின் எல்லா உறுப்பும் வாய்திறந்துவிடும்.

அடுத்து கருவி. ஓட்டுகிறவர் சாலையைப் பார்க்க வேண்டியிருப்பதால் பக்கத்து சீட்டில் ஒரு மச்சான் தேவை. அவர் உள்ளங்கையால் டேஷ்போர்டை ஒவ்வோர் இடமாக அமுக்கிக்கொண்டே வர வேண்டும். எங்கே அமுக்கும்போது சத்தம் நிற்கிறதோ அங்கேதான் நோய். “இங்கதான் மாமா” என்று மச்சான் சொல்வதை அப்படியே ஏற்கக் கூடாது; இருமுறை சரிபார்க்க வேண்டும். அவர் டேஷ்போர்டை அமுக்கும்போது ஏ.சி.யையும் அணைத்திருப்பார்.

இனி செருகுபொருள். பஸ் டிக்கெட் மெல்லியது, எட்டாக மடித்தாலும் ஒரு மாதம் தாங்காது (பஞ்சர் கடை அண்ணன், நேர்முகம், கேள்வி முடியுமுன் எழுந்து டயரைக் கழற்றப் போய்விட்டதால் உரை முற்றுப்பெறவில்லை). தீப்பெட்டி அட்டை நல்லது, அகலம் போதாது. தினசரிக் காலண்டரின் பின்னட்டை உறுதியானது, மடித்தால் உடையும். ஒரு சர்வீஸ் சென்டர் டேஷ்போர்டையே மாற்ற வேண்டும் என்று எழுதிக்கொடுத்த மதிப்பீட்டுத் தாளும் பரிசோதிக்கப்பட்டது. நான்காக மடித்துச் செருகினால் சத்தம் பாதி குறைகிறது.

எல்லாவற்றையும் வென்றது கல்யாணப் பத்திரிகை. கனம், நெகிழ்வு, வழவழப்பில்லாத மேற்பரப்பு மூன்றும் சேர்ந்த அட்டை வேறில்லை. அதுவும் இலவசமாக, தட்டில் வைத்து, வெற்றிலை பாக்கோடு வீடு தேடி வருகிறது. பிரெஞ்சுப் படையில் இருந்து பென்ஷன் வாங்கும் சொல்தா குடும்பத்துப் பத்திரிகை என்றால் பாரிஸ் உறவுகளுக்காக இரண்டு மொழியில் அடித்து, ஒரு மடிப்பு கூடுதலாகவே வரும். இத்துறையில் அதற்குத் தனி மரியாதை.

பத்திரிகையின் எந்தப் பகுதியைக் கிழிப்பது? மணமக்கள் பெயரை மடிக்கக் கூடாது என்பதில் கருத்து வேற்றுமை இல்லை. முகூர்த்த நேரம் கல்யாணம் முடியும்வரை தேவை. எஞ்சுவது சித்தப்பா, பெரியப்பா, அத்தை மாமா, அவர்தம் பிள்ளைகள், பட்டங்கள், பதவிகள் அடங்கிய உறவினர் பட்டியல். நீளமானது, பெயர் விடுபட்டவரைத் தவிர யாரும் படிப்பதில்லை. டேஷ்போர்டின் நீளத்துக்கென்றே வளர்ந்தது.

அடுத்த சிக்கல், மூலையில் தடவிய மஞ்சள். அது இடைவெளிக்கு உள்ளே போக வேண்டுமா, வெளியே தெரிய வேண்டுமா? உள்ளே போனால் மஞ்சள் பொடி பிளாஸ்டிக்கோடு உராய்ந்து கிறீச்சிடும் என்பது உட்பகைவர் கொள்கை. வெளியே தெரிந்தால் மாமியார் கேள்வி கேட்பார் என்பது வெளிப்பகைவர் கொள்கை. சமரசம் காண முயன்ற சான்று ஒன்று மட்டும் கிடைத்துள்ளது (மெக்கானிக் கடைச் சுவர், வடபுறம், கரிக்கட்டையால் எழுதியது, முருகன் காலண்டருக்கும் ஃபோன் எண்களுக்கும் இடையில், கிரீஸ் பட்டுச் சிதைந்து ‘கட’ என்ற இரண்டெழுத்தே தெளிவு, ‘கடகட’ எனப் பாடங்கொள்வர் ஒரு சாரார், ‘கடவுள் துணை’ என்பர் வேறொரு சாரார், கடைக்காரரைக் கேட்டதில் ‘கடன் கிடையாது’ என்றார், அது சுவருக்குத் தந்த பாடமா ஆய்வாளருக்குத் தந்த பதிலா என்பது மேலாய்வுக்குரியது).

இந்த ஊரில் பாட ஆராய்ச்சிக்குப் பஞ்சமில்லை. 1955இல் தொடங்கிய பிரெஞ்சு இன்ஸ்டிடியூட்டில் சைவ ஓலைச்சுவடிகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. புதுச்சேரியின் சைவச் சுவடிகளை யுனெஸ்கோ 2005இல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. ஒரு எழுத்துக்காக ஒரு வருஷம் உட்கார்ந்து பூச்சி அரித்த ஏட்டைப் படிப்பவர்களிடம் எனக்கு மரியாதை உண்டு. அவர்கள் உழைப்பின்மேல் ஏறி நின்று, ஏட்டைத் தொடாமலே, இந்தப் பாட்டு இடைச்செருகல், அந்தப் பாட்டு இடைச்செருகல் என்று ஐந்து நட்சத்திர விடுதி அரங்குகளில் தீர்ப்பு வழங்குகிறவர்களிடம்தான் ஒரு வேண்டுகோள்: டேஷ்போர்டின் இடைச்செருகலை மட்டும் விட்டுவைக்கவும். எடுத்தால் சத்தம் வரும்.

சட்டநிலை

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52இன்படி பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. ஆர்.சி.யில் கடகட ஒலி குறிக்கப்படவில்லை. எனவே அதை நீக்குவது மாற்றம் ஆகாது.

பரிந்துரைகள்

கருமாதிப் பத்திரிகையைக் காருக்குள் செருகக் கூடாது. காரணம் கேட்பவர் ஓட்ட வேண்டாம்.

காற்றடிக்கும் அளவு ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் எழுதியிருக்கிறது. டயரில் காற்று அதிகமானாலும் கடகட கூடும். பத்திரிகையைக் கிழிக்குமுன் அதைப் பார்த்துவிடுங்கள்.

புதுச்சேரியில் இந்த முகூர்த்த காலத்தில் பத்திரிகை அடிக்கக் கொடுக்க இருப்பவர்களுக்கு ஒரு விண்ணப்பம்: அட்டை கனமாக இருக்கட்டும், உறவினர் பட்டியல் எவ்வளவு நீளமாகவும் இருக்கட்டும், ஜிகினா மட்டும் வேண்டாம். வழுக்குகிறது.