காதலுக்கு 40 பாகம்

சீன நவீன காதல் தொடரின் நாயகன் பெரும்பாலும் நிறுவனத் தலைவர். என்ன நிறுவனம் என்பது கடைசிவரை விளங்காது. நாயகி தடுக்கி விழுவாள், அவன் தாங்குவான், அந்த ஒரு நொடி நான்கு கோணங்களில் நத்தையாய் நகரும். காய்ச்சல் கண்டால் கஞ்சி காய்ச்சித் தருவான். ஆனால் வாயைத் திறந்து எதையும் சொல்லமாட்டான். 2021இல் வந்த ‘யூ ஆர் மை குளோரி’யின் நாயகன் விண்கலப் பொறியாளர். நடிகையான நாயகிக்குக் கைப்பேசி விளையாட்டு கற்றுத்தருகிறார். விண்ணுக்குக் கலம் அனுப்பும் வேலையில் இருப்பவர், எதிரில் அமர்ந்திருப்பவளிடம் மனத்தைத் திறக்கப் பல பாகங்கள் எடுத்துக்கொள்கிறார். தொடர்கள் 40 பாகங்களைத் தாண்ட வேண்டாம், 30க்குள் முடிந்தால் நல்லது என்று சீன ஒளிபரப்பு நிர்வாகம் 2020இல் அறிவுறுத்தியது. காதலர்களின் தயக்கத்துக்கு அரசு விதித்த கெடு அது. முடிவு முதல் பாகத்திலேயே தெரிந்தும் விடிய விடியப் பார்ப்பவர்களுக்கோ எந்த வரம்பும் இல்லை.